மீதி வரிசையின் நிழல்

காலையில் எழுந்ததும் டெப்போக்காரன் முகம் கழுவுவான். வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுத்து வந்து காய்ச்சுவான். ஒரு டம்ளர் டீ போட்டு நின்றபடியே குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பான். பிறகு வாளியையும் பழைய பருத்தித் துணி ஒன்றையும் சைக்கிளில் மாட்டிக்கொண்டு சூளைக்குப் போவான். அங்கே குழாயில் பாதி வாளி தண்ணீர் பிடித்து, கடைசி வரிசையில் இருக்கும் தன் வீட்டு சோலார் பேனலைத் துடைப்பான். அந்தப் பேனலின் மேல் அவன் மனைவியின் நிழல் கிடக்கும். அவள் இறந்து ஒரு மழைக்காலம் முடிந்து கோடை வந்திருந்தது. துணி நிழலின் மேல் போகும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகத் துடைப்பான். நிழல் அழிந்துவிடும் என்ற பயம் இல்லை. முதல் வாரமே சூளையைப் பார்த்துக்கொள்கிற ஒயர்மேன் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டார். துடைத்து முடித்ததும் மிச்சத் தண்ணீரை வேலியோரம் கொட்டிவிட்டு பஸ் டெப்போவுக்குப் போவான். எந்த வண்டி எந்த ஊருக்குக் கிளம்புகிறது என்று மைக்கில் சொல்வது அவன் வேலை. மனைவி இறந்த பிறகு அந்தக் குரல் மாறியதாக ஒரு பயணிகூடச் சொன்னதில்லை.

சூளை என்பது ஊருக்கு வெளியே செங்கல் சுட்ட பழைய நிலம். செங்கல் சுடுவது நின்றுபோய் வெகுகாலம் சும்மா கிடந்தது. வெளியூர் கம்பெனி ஒன்று அதை வளைத்து சோலார் நிலையம் போட வந்தபோது ஊரே ரோட்டில் உட்கார்ந்து துரத்திவிட்டது. துரத்திய பிறகுதான், வெயில் நம்முடையது, நிலமும் நம்முடையது, நாமே ஏன் போடக்கூடாது என்ற பேச்சு எழுந்தது. வீட்டுக்கு ஒரு பேனல், எல்லா வீடும் சேர்ந்து ஒரு சங்கம் என்று முடிவாயிற்று. முதலில் பாதி ஊர்தான் சேர்ந்தது. கண்ணாடி வெயிலைக் குடித்துவிடும், நமக்கு மிஞ்சாது என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் தப்பில்லை. முதல் பேனல்களை நிறுத்திய மாதத்தில், சேராத தெருக்களில் காயப்போட்ட துணி காயவில்லை. நல்ல வெயில்தான்; ஆனாலும் சட்டைகள் நாள்கணக்கில் ஈரமாகவே தொங்கின. சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட வீடுகளில் அன்று சாயங்காலமே துணி மொடமொடவென்று காய்ந்தது. நிலையத்தை அமைக்க வந்த இன்ஜினியர், காற்றில் ஈரப்பதம் அதிகம் என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்த்தார்.

அந்தக் கையெழுத்துகளை வாங்கியவள் டெப்போக்காரனின் மனைவி. மின்வாரியத்தில் மீட்டர் படிக்கிற வேலை. வயதில் மூத்தவர்கள்கூட அவளை மீட்டரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வீட்டிலும் மீட்டர் ஒரு ஒழுங்கான இடத்தில் இருப்பதில்லை. மாடிப்படிக்கு அடியில், சமையலறைக் கதவுக்குப் பின்னால், கட்டிலை நகர்த்தினால்தான் தெரிகிற மூலையில் என்று இருக்கும். அதனால் ஊரில் எல்லா வீட்டின் உள்ளேயும் போய் வந்த ஒரே ஆள் அவள்தான். யார் வீட்டில் யார் தனியாகச் சாப்பிடுகிறார்கள், எந்த அறைக்குப் பகலிலும் பூட்டு என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒன்றையும் வெளியே சொன்னதில்லை. அந்த நம்பிக்கையில்தான் கதவைத் திறந்தார்கள். மீட்டரைப் படித்துக்கொண்டே சோலாரைப் பற்றிப் பேசுவாள். "வெயில் தெனமும் உங்க மொட்டமாடியில வந்து உக்காந்துட்டுப் போகுது. ஒரு வாய் டீ கூடக் குடுக்காம அனுப்பிடுறீங்க" என்பாள். சிரிப்பவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். சிரிக்காதவர்கள் துணி காயாமல் போனதும் போட்டார்கள்.

வினை வந்தது வரிசைகளால். பேனல்களை வரிசை வரிசையாகக் கோத்துத்தான் மின்சாரம் எடுக்க வேண்டும். ஒரு வரிசையில் ஒரு பேனலில் அழுக்கு படிந்தாலும் அந்த வரிசை முழுவதும் இளைத்துப்போகும் என்று இன்ஜினியர் ஊர்க் கூட்டத்தில் விளக்கினார். அவர் தூசியைப் பற்றிச் சொன்னார். ஊர் அதைச் சகவாசத்தைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொண்டது. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டோடு ஒரே வரிசையில் எங்கள் பேனல் நிற்காது என்று ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். பந்தியில் இடம் பிடிப்பது போல ஆளாளுக்குத் துண்டைப் போட்டார்கள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்த அண்ணன் தம்பி இருவர் நிலத்தின் எதிரெதிர் மூலைகளைக் கேட்டார்கள். சம்பந்திகள் பக்கத்தில் பக்கத்தில் கேட்டு, மறுவாரம் வேண்டாம் என்றார்கள். இன்ஜினியர் வரைந்து வைத்திருந்த படம் குப்பைக்குப் போயிற்று. கேபிள் ஒரு வரிசையிலிருந்து குதித்து, இரண்டைத் தாண்டி, மூன்றாவதைச் சுற்றிக்கொண்டு போனது. இது ஒயரிங் இல்லை, வம்சாவளி என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனார் அவர். மறுபடி வரவில்லை.

மின்சாரமும் ஊர் சொன்னதையே கேட்டுக்கொண்டது. ஒரு வரிசையில் இரண்டு வீட்டுக்குச் சண்டை வந்தால் அன்றே அந்த வரிசை நின்றுவிடும். பேனலில் குறை இருக்காது, ஒயரில் குறை இருக்காது. நிலையத்தைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்ட ஒயர்மேன் ஆரம்பத்தில் ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். பிறகு டெஸ்டரைச் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, யார் யாரோடு பேசவில்லை என்று கேட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தராததால் ஒரு வரிசை வாரக்கணக்கில் நின்றது. ஏணி போய்ச் சேர்ந்த நிமிடம் ஓடத் தொடங்கியது. ஒயர்மேனுக்கு இதில் அலுப்பு வந்தது, ஆச்சரியம் வரவில்லை. கொஞ்ச நாளில் ஊருக்கும் அப்படியே.

எல்லோரும் இடம் பிடித்து முடித்த பிறகு, எந்த வரிசையும் சேர்த்துக்கொள்ளாத சில வீடுகள் மிஞ்சின. சவ வண்டி ஓட்டுகிறவர் ஒருவர். அவரைக் கடைசிவண்டி என்று கூப்பிட்டார்கள், முகத்துக்கு நேராகவும். ஓர் அடிதடி வழக்கில் தன் தெருக்காரர்களுக்கு எதிராக உண்மையைச் சாட்சி சொல்லிவிட்ட மாவு மில்காரர். புருஷனை விட்டுவிட்டுத் தையல் மெஷினோடு மட்டும் ஊருக்கு வந்து சேர்ந்த தையல்காரம்மா. இப்படி இன்னும் சில வீடுகள். ஒரு வரிசைக்கு இவ்வளவு பேனல் வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு ஒரு வீடு குறைந்தது. மீட்டரக்கா தன் வீட்டை அங்கே சேர்த்தாள். கடைசியாக நின்ற அந்த வரிசைக்கு மீதி வரிசை என்று பெயராயிற்று.

உண்மையில் அவள் இடம் முதல் வரிசையில் காலியாக இருந்தது. முதல் வரிசை சங்கத் தலைவருடையது. அவர் சிமெண்ட் கடை வைத்திருந்தவர், மீட்டரக்காவின் கூடப்பிறந்த அண்ணன். அவள் தானாகப் பார்த்து டெப்போக்காரனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் தங்கையோடு பேசியதில்லை. ஆனாலும் தன் வரிசையில் ஒரு பேனலுக்கான இரும்புச் சட்டத்தை நிறுத்தி, யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். அவள் வந்து கேட்கட்டும் என்று அவர் இருந்தார். அவர் கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, அந்த மூக்கின் மேல் ஒரே கோபம் என்று ஊரில் சொல்வார்கள். சட்டம் காலியாகவே துருப்பிடித்தது. மீதி வரிசையோ ஒரு நாள்கூட நின்றதில்லை. அங்கே இருந்தவர்களுக்கு ஊரில் வேறு யாரும் பேச்சுத்துணைக்கு இல்லாததால், தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ள அவர்கள் துணியவில்லை.

பிறகு மீட்டரக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் வீட்டில் மாத்திரை, பிறகு கிளினிக்கில் ஊசி, பிறகு ஆஸ்பத்திரியில் படுக்கை. சின்ன வயது, தாங்கிவிடுவாள் என்று எல்லோரும் சொன்னார்கள். தாங்கவில்லை. சேதி கேட்டு அண்ணன் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். ஆஸ்பத்திரி நடைபாதையில் டெப்போக்காரன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். மச்சானும் மாப்பிள்ளையுமாக அவர்கள் எதிரெதிரே நின்றது அதுதான் முதல் தடவை.

"மாப்ள, கடைசியா என்ன சொன்னா?"

அவன் கையிலிருந்த மாத்திரை அட்டையைத் திருப்பினான்.

"என்னப் பத்தி எதாவது... இல்ல, சூளையப் பத்தி எதாவது?"

அவன் தலை அசைந்தது. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் வெளியே போய், காத்திருந்தவர்களிடம், சூளை நம்மளோடது, விட்டுடாதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள் என்றார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அந்த வார்த்தை போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நாளில் நிலையத்தின் மின்னறைச் சுவரில் அதை நீல நிறத்தில் பெரிய எழுத்தில் எழுதி, கீழே அவள் பெயரையும் போட்டார்கள். டெப்போக்காரன் அதைப் படித்தான். நல்ல வாக்கியம்தான். அவள் பேசுகிற மாதிரி இல்லை. விட்டுடாதீங்க என்று அவள் பொதுவாகச் சொல்லமாட்டாள். யார், எதை, எத்தனை மணிக்குள் என்றும் சேர்த்துத்தான் சொல்வாள். ஆனால் தங்கையோடு ஒரு வார்த்தை பேசாமல் வருடங்களைக் கழித்துவிட்ட ஒருவருக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஏதோ வேண்டியிருந்தது. அவன் அதைப் பிடுங்கவில்லை.

அவளை வழியனுப்பிய மறுநாள் காலையிலேயே பேனலில் நிழல் இருந்தது. குனிந்து நின்று வலது கையை நீட்டித் துடைக்கிற மாதிரி. கையில் துணி, காதோரம் பிரிந்த முடி, தோளில் எப்போதும் மாட்டியிருக்கும் பை, எல்லாம் தெளிவாக இருந்தன. உச்சி வெயிலில் அது சுருங்கவில்லை. மேகம் மூடினாலும் போகவில்லை. ஒயர்மேன் மரத்தைத் தேடினார், கம்பத்தைத் தேடினார், மேலே ஏதாவது கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்த்தார். கடைசியில் தோளிலிருந்த கருவிப் பையைக் கீழே இறக்கி வைத்து, "வாங்கக்கா" என்றார். பிறகு அளவுமானியைப் பார்த்தார். மீதி வரிசை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. தண்ணீர்க் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் குழாய் முழுக்கத் தண்ணீர் குறைகிற மாதிரிதான். மிதித்தது யார் என்று குழாய் பார்ப்பதில்லை.

மில்காரரின் கல் மெதுவாகச் சுற்றியது. மாவு கொரகொரவென்று விழுந்தது. கொரகொர மாவுதான் உடம்புக்கு நல்லது என்று அவர் வாடிக்கையாளர்களிடம் சொன்னார். கடைசிவண்டிக்காரர் தன் வீட்டில் சவத்தை வைக்கும் ஃப்ரீசர் பெட்டி ஒன்றை வாடகைக்கு விட வைத்திருந்தார், அது குளிரவில்லை. டீசல் ஜெனரேட்டரை வாங்கி ஓட்டினார். வருகிற காசு டீசலுக்கே சரியாக இருந்தது. தையல்காரம்மா மெஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றிவிட்டு மறுபடி காலால் மிதிக்கத் தொடங்கினாள். ஒருவரும் டெப்போக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சூளையில் அவனைப் பார்த்தால் தூசி அதிகம் என்றார்கள், கேபிள் பழசு என்றார்கள், ஒயர்மேனுக்குச் சோம்பல் என்றார்கள். ஒயர்மேனும் ஆமாம், எனக்குச் சோம்பல்தான் என்று ஒப்புக்கொண்டார்.

கோடையில் ஒரு நாள் அவன் பேன்ட்டின் கால் மடிப்பைத் தைக்கக் கொடுக்கப் போனான். தையல்காரம்மாவின் இரண்டு காலும் கணுக்காலுக்கு மேலே வீங்கியிருந்தன. மோட்டாரைத் துணியில் சுற்றிச் சுவர் ஆணியில் மாட்டியிருந்தாள். மோட்டாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டான். சத்தம் பிடிக்கவில்லை, தலைவலி என்றாள். மெஷினின் சத்தத்தை விட மோட்டாரின் சத்தம் குறைவு. அவன் பேன்ட்டைக் கொடுக்காமலே திரும்பி, நேராகச் சூளைக்குப் போனான். தன் பேனலை வரிசையிலிருந்து எடுத்துவிடச் சொன்னான். ஒயர்மேன் வேண்டாம் தம்பி என்றார். அவன் அங்கேயே நின்றான். ஒயர்மேன் பேனலின் பின்பக்கம் கைவிட்டு இணைப்பைப் பிடுங்கினார்.

ஈரத் தரை காய்கிற மாதிரி நிழல் ஓரத்திலிருந்து வெளுத்தது. முதலில் கையிலிருந்த துணி போயிற்று. அடுத்து சுண்டுவிரல். மோதிர விரல் பாதி மறைந்தபோது டெப்போக்காரன் தரையில் மண்டியிட்டு, பேனலுக்கு அடியில் புகுந்து, எந்த ஒயர் எதில் போகும் என்று தெரியாமல் இரண்டையும் பிடித்து அழுத்தினான். சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. நிழல் மெல்லத் திரும்பி வந்தது. துணியும் வந்தது. சுண்டுவிரல் மட்டும் வரவில்லை. அவன் அதைத் தேடுவது போலக் கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருந்தான். ஒயர்மேன் அந்தப் பக்கம் திரும்பி நின்று பீடி பற்றவைத்தார்.

விஷயம் வெளியே வந்துவிட்டது. பேனலை எடுத்தால் மீதி வரிசை பிழைக்கும், மீட்டரக்கா போய்விடுவாள். எடுக்காவிட்டால் மீட்டரக்கா இருப்பாள், அந்த வீடுகள் இருட்டுக்குப் போகும். தலைவர் சங்கத்தைக் கூட்டினார். ஒரு வரிசையைத் தொட வேண்டுமானால் அந்த வரிசையில் இருக்கிற எல்லா வீடும் கைதூக்க வேண்டும் என்பது மீட்டரக்கா போட்ட விதி. பள்ளிக்கூடத்தின் பெரிய வகுப்பறையில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். தலைவர் அழுத்தமாகப் பேசினார். விட்டுடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனவ, தன்னாலயே நாலு வீடு கெடுறதப் பாத்துட்டு இருப்பாளா என்று கேட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அந்த வாக்கியத்தை அவரே நம்பத் தொடங்கி நாளாகியிருந்தது. எடுத்துவிடலாம் என்றார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

டெப்போக்காரன் கையைத் தூக்கினான். வண்டி கிளம்புகிறது என்று சொல்லும் அதே குரலில், எடுத்துடுங்க என்றான்.

மற்ற கைகள் எழவில்லை. தலைவர் ஒருமுறை தொண்டையைச் செருமி, மீதி வரிசைக்காரர்கள் கைதூக்கவும் என்றார். மில்காரர் கூரையைப் பார்த்தார். தையல்காரம்மா வீங்கிய கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு மோட்டார் ஆகாது. நான் மொதல்லயே சொல்லிட்டேன்" என்றாள்.

"என் மாவ டாக்டரே வாங்கிட்டுப் போறாரு. கொரகொரப்பாத்தான் வேணுங்குறாரு. நான் கைதூக்கி அவரு வயித்தக் கெடுக்கவா?" என்றார் மில்காரர். டாக்டர் பக்கத்துப் பெஞ்சில்தான் இருந்தார். இல்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.

கடைசிவண்டிக்காரர் மட்டும் எழுந்து நின்றார். கூட்டத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"நான் எத்தனையோ பேர ஏத்திட்டுப் போயிருக்கேன். எறக்கி விட்டதுக்கப்புறம் ஒருத்தரையும் திரும்பப் பாத்தது கெடையாது. இவங்களயும் நான்தான் ஏத்திட்டுப் போனேன். இவங்க ஒருத்தங்கதான் மறுநாளே வந்து நின்னாங்க. டீசலு நான் போட்டுக்குறேன். என் கை மேல வராது."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெஞ்சு சின்னது என்பதால் உட்காரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. யாரும் சிரிக்கவில்லை. தலைவருக்குக் கோபம் வந்தது. விதி விதி என்று எதையோ சொல்ல ஆரம்பித்தார், பாதியில் நிறுத்தினார். மேசை மேல் கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவர் ஒயர்மேனைக் கூப்பிட்டார்.

"நம்ம வரிசையில ஒரு சட்டம் சும்மா நிக்குதே. அது இன்னும் தாங்குமாப்பா?"

"தாங்கும். துருவச் சொரண்டிட்டா தாங்கும். ஆனா உங்க வரிச பாதியாப் போயிடுங்க."

"போகட்டும்."

முதல் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் ஊரின் பெரிய வீட்டுக்காரர்கள். அவர்களும் கைதூக்க வேண்டியிருந்தது. டாக்டர் முதலில் தூக்கினார். குளிர்பதனக் கிடங்கு வைத்திருந்தவர் முழங்கை உயரத்துக்கு மட்டும் தூக்கினார். அதையும் ஒரு கை என்று எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் பேனலை மாற்றினார்கள். ஒயர்மேன் இணைப்பைக் கழற்றியதும் அண்ணன் ஒரு முனையையும் கணவன் மறு முனையையும் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். நிழல் வெளுத்துக்கொண்டே வந்தது. அண்ணனுக்கு உடம்பு பெரியது, மூச்சு வாங்கியது, ஒரு செருப்பு வழியில் கழன்றது, நிற்கவில்லை. சட்டத்தில் வைத்து இணைப்பைக் கொடுத்தபோது நிழல் திரும்பியது, காதோரம் பிரிந்திருந்த முடி மட்டும் திரும்பவில்லை. அண்ணன் தோளிலிருந்த துண்டால் கண்ணாடியை மேலிருந்து கீழாகத் துடைத்தார். அவருக்குத் துடைத்துப் பழக்கமில்லை. கோடு கோடாக நீர்த்தடம் விழுந்தது. வா என்று ஒரு வார்த்தை சொன்னார். கல்யாணமாகி முதல் தடவை வாசலில் வந்து நின்ற தங்கையிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். டெப்போக்காரன் போய் அந்தச் செருப்பை எடுத்து வந்து அவர் காலருகே வைத்தான்.

மீதி வரிசையில் காலியான இடத்தில் சங்கத்தின் உதிரிப் பேனல் ஒன்றை ஒயர்மேன் மாட்டினார்; மோட்டார் ஓடியது, கல் சுற்றியது, ஃப்ரீசர் குளிர்ந்தது. முதல் வரிசை பாதியாக இளைத்து, பெரிய வீடுகளில் மதியத்தில் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. பொறுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் இரண்டாவது வரிசைக்காரர்கள் தலைவரிடம் வந்தார்கள். எங்கள் வீட்டு மீட்டரையும்தான் அவள் படித்தாள், பெரிய வீட்டுக்காரர்கள் மட்டும் வைத்துக்கொண்டால் என்ன நியாயம் என்று கேட்டார்கள். தலைவருக்குக் கொடுக்க மனமில்லை, கொடுத்தார். அதன் பிறகு மூன்றாவது, நான்காவது. ஒரு வரிசைக்கு ஒரு மாதம் என்று ஆயிற்று. மீதி வரிசைக்கும் அதன் முறை வந்தது. அந்த மாதம் தையல்காரம்மா தானாகவே மோட்டாரைக் கழற்றி வைப்பாள். பேனலைத் தூக்கி மாற்றுகிறவர்கள் இப்போது வேகமாக ஓடப் பழகியிருக்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதோ ஒன்று சிறிதாகப் போய்விடுகிறது. பையின் வார், முந்தானையின் நுனி, ஒரு தடவை கட்டைவிரல். எத்தனை மாற்றம் தாங்கும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. சங்கக் கூட்டத்தில் ஒயர்மேன் மாதாமாதம் தூசியால் ஆன குறைவு, கேபிளால் ஆன குறைவு, நிழலால் ஆன குறைவு என்று மூன்றையும் ஒரே மூச்சில் வாசிப்பார். எல்லோரும் சரி என்பார்கள். வெளியூர் அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தபோது, அது என்ன நிழல் என்று கேட்டார். அது மீட்டரக்கா என்றார்கள். அவர் ஓகோ என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்கு நடந்தார்.

டெப்போக்காரன் இப்போதும் காலையில் வாளியோடு போகிறான். எந்த வரிசையின் மாதம் என்று பார்த்து அங்கே போவான். பெரும்பாலான நாட்களில் அவன் போவதற்குள் அந்த வரிசையின் பெண்கள் யாராவது வந்து துடைத்து முடித்திருப்பார்கள். கண்ணாடி பளிச்சென்று இருக்கும். அவன் காய்ந்த துணியோடு கொஞ்ச நேரம் நிற்பான். அவர்கள் அவனிடம் அவளைப் பற்றிச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் இப்படிச் சொன்னாள், எங்கள் பிள்ளையை இப்படிக் கிண்டல் செய்தாள் என்று ஒவ்வொரு வரிசையிலும் ஒரு மீட்டரக்கா இருந்தாள். சிலது அவனுக்குத் தெரியாதது. சிலது நடந்திருக்க முடியாதது. எல்லாவற்றுக்கும் அவன் தலையசைப்பான். மின்னறைச் சுவரில் அந்த வாக்கியம் மழையில் மங்கும்போதெல்லாம் புதிதாகப் பெயிண்ட் அடிக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பேனல் சங்கத்துடையது. நிழல் ஊருடையது. சுவரில் இருக்கிற வார்த்தையும் ஊருடையது. அவனிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை அண்ணன் மறுபடி கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, அவன் வாங்கி வந்த மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். எதை வாங்கினாலும் காலாவதித் தேதி பார்க்காமல் அவள் உள்ளே விடமாட்டாள். எழுத்து மங்கலாக இருந்தது. கண்ணைச் சுருக்கினாள், அட்டையைச் சாய்த்தாள். அவன் பிளாஸ்கை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றிருந்தான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவன் நகர்ந்து, பிளாஸ்கை மேசையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவள் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது, மாத்திரை அட்டை தரையில் கிடந்தது. நகர்வதற்கு முன்னால் அவள் சொன்னது இவ்வளவுதான்:

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."